சரித்திரக் காதல் நாவல்கள் ஏன் பாதியில் கைவிடப்படுகின்றன?

காவிரிக்கரை_வாசகி எழுதியது:

வணக்கம் மக்களே. பாதி புலம்பல், பாதி கேள்வி.

புதிதாக வந்த ஒரு சரித்திரக் காதல் நாவல் வாங்கினேன். எழுதியவருக்கு இது முதல் நாவல் என்பதால் பெயர் வேண்டாம். இரண்டு பாகம். களம் 1025, ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. நாயகன் சோழர் ஒற்றன், நாயகி கடாரத்து அரச குடும்பத்துப் பெண். கேட்ட மாத்திரத்தில் வாங்கத் தோன்றும் கதை, இல்லையா? முதல் பாகத்தை முடிப்பதற்குள் படாத பாடு பட்டுவிட்டேன். இரண்டாவதைப் பிரிக்கவே இல்லை.

எழுத்து மோசம் என்று சொல்ல முடியாது. பிழையில்லாத தமிழ். மெனக்கெட்டுப் படித்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. ஆனாலும் ஒட்டவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். காதல் அத்தியாயங்கள் தனியாக ஓடுகின்றன, போர் அத்தியாயங்கள் தனியாக ஓடுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நந்தவனத்தில் சந்திக்கிறார்கள், ஊடுகிறார்கள், சமாதானம் ஆகிறார்கள். அந்தப் பக்கங்களில் சோழம், கடாரம் என்ற பெயர்களை எடுத்துவிட்டு வேளச்சேரி அபார்ட்மென்ட் என்று போட்டால் ஒரு வரியும் மாற வேண்டாம். நாயகியின் பெருங்கோபத்துக்குக் காரணம் அவன் சொல்லிக்கொள்ளாமல் போனது. வாட்ஸப்பில் நீல டிக் விழுந்தும் பதில் போடாதவன் மேல் வருமே, அதே கோபம். அவனுடைய நாட்டுப் படை அவளுடைய ஊரைக் கொளுத்த வருகிறது, அம்மணி அதைப் பற்றி மூச்சு விடவில்லை!

உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா? எந்த இடத்தில் புத்தகத்தை மூடினீர்கள்?

சும்மா_படிப்பவன் எழுதியது:

நந்தவனத்தில் மான்குட்டி இருந்ததா?

காவிரிக்கரை_வாசகி எழுதியது:

இருந்தது. அதற்குப் பெயரும் இருந்தது. நாயகனின் அப்பாவுக்குத்தான் கடைசிவரை பெயர் இல்லை.

பழைய_பைண்டிங் எழுதியது:

அம்மா, கொஞ்சம் பொறுங்கள். நான் வாரப் பத்திரிகையில் தொடர்கதை கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய தலைமுறை. சாண்டில்யன் கதைகளில் நாயகியின் வர்ணனை பக்கம் பக்கமாகப் போகும். அதில் பாதி சமாசாரம் கதைக்குத் தேவையே இல்லை. ஆனாலும் யவன ராணி, கடல் புறா என்றால் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை நடக்கும். அப்போது யாரும் "இந்தக் காதலை இன்றைக்கு நகர்த்தினால் ஒத்துப்போகுமா" என்று சோதித்துப் பார்க்கவில்லை. படித்தோம், ரசித்தோம், அவ்வளவுதான்.

என் அபிப்பிராயம், தோற்றுப்போவதற்குக் காரணம் வேகம் இல்லாதது. ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம், அதன் கடைசி வரியில் கதவு தட்டப்பட வேண்டும், அல்லது விளக்கு அணைய வேண்டும். இப்போது எழுதுகிறவர்கள் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளாமல் முதல் ஐம்பது பக்கம் அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். சரித்திர நாவல் சரித்திரப் பாடப்புத்தகம் அல்ல.

காவிரிக்கரை_வாசகி எழுதியது:

சார், பாடப்புத்தகம் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. வேகமும் இந்த நாவலில் நிறையவே இருக்கிறது. அத்தியாயத்துக்கு ஒரு முகமூடி மனிதன் வருகிறான். என் குறை வேறு. சிவகாமியின் சபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாமி வாதாபியில் சிறையில் இருக்கிறாள், மாமல்லன் மாறுவேடத்தில் வந்து கூப்பிடுகிறான், நகரத்தை எரித்துவிட்டு வந்து கூட்டிப் போ என்று மறுத்துவிடுகிறாள். அந்தப் படையெடுப்பு நடக்க வருடங்கள் ஆகின்றன, அதற்குள் அவனுக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணம் முடிந்து பிள்ளைகளும் ஆகிவிடுகிறது. அந்தக் காதலை எடுத்துவிட்டால் 642 வாதாபிப் போருக்கு நாவலுக்குள் உயிர் இல்லை. போரை எடுத்துவிட்டால் காதல் ஏன் கைகூடவில்லை என்பதற்குக் காரணம் இல்லை. அவர்கள் சேரவே இல்லை, ஆனாலும் நம் வீடுகளில் எத்தனை சிவகாமிகள்! முடிவு சோகமானால் வாசகர் ஏற்கமாட்டார் என்று பதிப்பகத்தார் சொல்வதெல்லாம் சும்மா.

கோடியக்கரை_மாலுமி எழுதியது:

அந்த நாவலை நானும் படித்தேன் அக்கா (எது என்று கண்டுபிடித்துவிட்டேன், சொல்லமாட்டேன்). நான் மூடிய இடம் வேறு. நாயகன் புரட்டாசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடாரம் போய், உளவு பார்த்து, காதலித்து, கார்த்திகை தீபத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறான்.

நான் நாகைக்காரன். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் கடல் என்ன பாடு படுத்தும் என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். பாய்மரக் காலத்தில் கிழக்கே போவதற்கு ஆனி, ஆடி, ஆவணியில் அடிக்கிற மேலைக்காற்று வேண்டும். திரும்பி வருவதற்கு வாடை வேண்டும், அதுவும் புயல் மாதங்கள் கழிந்து மார்கழி, தை என்று ஆகும்போதுதான் நிம்மதி. நாகையிலிருந்து கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நக்கவாரம், அதாவது இன்றைய நிக்கோபார் தீவுகள். போனவன் காற்று திரும்புகிறவரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவனாக விரும்பினாலும் வர முடியாது.

இதைத் தப்புக் கண்டுபிடிப்பதற்காகச் சொல்லவில்லை. காதல் கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? மாதக்கணக்கில் ஓர் ஒற்றன் எதிரி ஊரில் காற்றுக்காகக் காத்துக் கிடக்கிறான். தினமும் அவளைப் பார்க்கிறான். காற்று திரும்பினால் அவன் போயாக வேண்டும், அது அவளுக்கும் தெரியும். கொடியில் துணி எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்த்தாலே அவளுக்கு வயிற்றைக் கலக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு, "சொல்லாமல் போய்விட்டாயே" என்று ஒரு சண்டையைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியதாகிவிட்டது.

சும்மா_படிப்பவன் எழுதியது:

மாலுமி அண்ணே, நீங்களே எழுதுங்க.

கோடியக்கரை_மாலுமி எழுதியது:

எனக்கு லீவு லெட்டரே ஒழுங்காக எழுத வராது தம்பி.

கல்வெட்டுக்_கிறுக்கன் எழுதியது:

மாலுமி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1025 என்றதும் எல்லாரும் போரிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் இன்னும் சுவையானவை. ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டுகிறான். அதற்கு 1006 வாக்கில் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது புத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடையாகக் கொடுக்கிறான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் ஏற்றி நிலைப்படுத்தியது யார்? அதே ராஜேந்திரன். பிற்பாடு கடாரத்தின் மேல் கப்பல் அனுப்புகிறவனும் அவனே.

ஆக நாகப்பட்டினத்தில் கடாரத்து வணிகர்களும் பிக்குகளும் புழங்கிய தெருக்கள் இருந்திருக்கும். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை யோசியுங்கள். அவளுக்குத் தமிழ்தான் வாய்மொழி. எதிரில் உள்ள பட்டறையில் அண்டை வீட்டுப் பையன் கப்பலுக்குப் பலகை இழைக்கிறான். அந்தக் கப்பல் எங்கே போகப்போகிறது என்று ஒருநாள் தெரிகிறது. இளவரசி, மாறுவேடம், சுரங்கப்பாதை எதுவுமே தேவைப்படாது.

இதை விட்டுவிட்டு ஆராய்ச்சியை எங்கே கொட்டுகிறார்கள் என்றால் உரையாடலில். நீங்கள் சொல்லும் நாவலில் தோழி நாயகியிடம் பேசுகிறாள் பாருங்கள், அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கிட்டத்தட்ட இப்படிப் போகும்: "தேவி, தாங்கள் அறிவீர்கள், சோழப் பேரரசர் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம்..." கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தியை அப்படியே ஒப்பிக்கிறாள். தேவிக்கு அது தெரியும் என்று அவளே சொல்கிறாள், அப்புறம் எதற்கு? பக்கத்து ஊர் எரிந்தால் "ஐயோ என் அத்தை அங்கே இருக்கிறாளே" என்பது பேச்சு. ஊர்ப் பட்டியல் வாசிப்பது பேச்சு ஆகாது.

பழைய_பைண்டிங் எழுதியது:

அதற்குத்தான் அடிக்குறிப்பு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் போடுவார்கள். பிடித்தவர்கள் படிப்பார்கள், மற்றவர்கள் தாண்டிப் போவார்கள்.

தூரிகை_மைதிலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இணையத்தில் சரித்திரத் தொடர் எழுதுகிறேன், அதனால் எதிர்த்தரப்பிலிருந்து கொஞ்சம் பேசுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்கிற மாதிரி எழுதலாம். எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? வாரம் மூன்று பதிவு போட வேண்டும். நாயகனும் நாயகியும் ஒரே காட்சியில் வராத பதிவுக்குக் கருத்துகள் பாதியாகிவிடும். "சகோ, நம்ம ஹீரோயின் எங்க?" என்று வரிசையாக வரும். பஞ்சம், வரி, நீர்ப்பங்கு என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதினேன், நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அதற்கு வந்த ஒரே கருத்து, "அடுத்த யூடி (அப்டேட்) எப்போ?" அடுத்த பதிவில் இருவரையும் மழையில் நனைய விட்டேன். கருத்துகள் குவிந்தன.

ஆகவே காதல் அத்தியாயம் தனி, சரித்திர அத்தியாயம் தனி என்று ஆவது எழுத்தாளரின் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை அக்கா. இரண்டு வகை வாசகருக்கும் தவணை முறையில் பரிமாறுகிறோம். பின்னால் அதையே புத்தகமாகப் போடும்போது மொத்தமாகப் படிப்பவருக்குத் திகட்டுகிறது. வாரத் தொடரில் திங்கட்கிழமை ஊடலும் வெள்ளிக்கிழமை ஊடலும் வேறு வேறாகத் தெரியும். புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கம்.

காவிரிக்கரை_வாசகி எழுதியது:

மைதிலி, கோபமெல்லாம் இல்லை, இந்த விஷயம் இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒன்று. உங்கள் வாசகர்கள் "ஹீரோயின் எங்க" என்று கேட்டார்களே, நியாயமான கேள்விதானே? அந்த நீர்ப்பங்கு அத்தியாயத்தில் அவள் ஏன் இல்லை? வாய்க்கால் தகராறில் அவள் அப்பா ஒரு பக்கம், அவன் மாமன் ஒரு பக்கம் என்று இருந்திருந்தால்?

தூரிகை_மைதிலி எழுதியது:

...இதைப் பத்து மாதம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா அக்கா.

மிளகு_ரசம் எழுதியது:

புது ஆள் நான். இவ்வளவு பெரிய விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. நான் புத்தகத்தை மூடுவது சாப்பாட்டில். சோழ இளவரசி வீட்டில் மிளகாய் வறுக்கிறார்கள், நெடி தாங்காமல் நாயகன் இருமுகிறான், அதில் ஆரம்பிக்கிறது காதல். போர்ச்சுகீசியர் வந்த பிறகு, 16-ம் நூற்றாண்டிலிருந்துதான் நம் ஊருக்கு மிளகாயே. தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி, முந்திரி, நிலக்கடலை எல்லாம் அதே கதைதான், அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கூந்தலில் துலுக்கச் சாமந்தி வைக்கிறார்கள், அதுவும் அங்கிருந்து வந்ததே. இன்னொரு கதையில் பல்லவ ராணி "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்றாள். நாழிகை என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

பழைய_பைண்டிங் எழுதியது:

இதெல்லாம் ரொம்ப அதிகம். மிளகாய்க்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்? மிளகு என்று திருத்திவிட்டால் நாவல் நன்றாகிவிடுமா? எழுதுகிறவனை இப்படிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எவனும் எழுத மாட்டான்.

கல்வெட்டுக்_கிறுக்கன் எழுதியது:

இதில் நான் பைண்டிங் சார் கட்சி. மிளகாயைத் திருத்துவது ஒரு நிமிட வேலை (மன்னிக்கவும், இரண்டரை விநாழிகை). திருத்த முடியாத தப்பு ஆட்களின் மனசில் இருக்கிறது. ராஜராஜனுக்குப் பல தேவியர், கல்வெட்டில் பெயர்கள் வரிசையாக உண்டு. நம் நாவல்களில் பேரரசன் "உன்னைத் தவிர வேறொருத்தியை மனதாலும் தீண்டேன்" என்று சத்தியம் செய்கிறான். வாசகருக்கு அடுத்த தேவியின் பெயர் தெரியும், சிரிப்பு வருகிறது. இன்றைய ஒருவனுக்கு ஒருத்தியை அங்கே கொண்டுபோய் ஒட்டினால் பசை தெரியத்தான் செய்யும்.

பல தேவியரில் ஒருத்தியாக இருப்பவளுக்கு அன்பு என்றால் என்ன, போட்டி என்றால் என்ன, பிள்ளை பிறந்தால் என்ன, பிறக்காவிட்டால் என்ன என்று எழுதத் துணிந்தவர்கள் குறைவு. அதற்கு ஒரு நல்ல ஆதாரமும் இருக்கிறது. திருவாரூர்க் கோயிலில் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. அதில் பரவை நங்கை என்று ஒருவர் வருகிறார். பட்டத்தரசி அல்ல, அரசனின் அணுக்கியார், அதாவது நெருக்கமானவர். கோயிலுக்குப் பொன் வேய்ந்தவர். அரசனும் அவரும் சேர்ந்து நின்று சாமி கும்பிட்ட இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தார்கள் என்கிறது அந்தக் கல்வெட்டு.

ஒரு பேரரசன், தான் மணக்காத பெண்ணோடு நின்ற இடத்தை ஊரறிய விளக்கு வைத்துக் காட்டுகிறான், கல்லிலும் வெட்டுகிறான். தேவியர் அந்த வழியாக வந்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? பரவைக்கு அது பெருமையா, பயமா? நந்தவன மான்குட்டிகளை விடுங்கள், இந்த ஒரு வரிக்குள் நாவல் இருக்கிறது.

காவிரிக்கரை_வாசகி எழுதியது:

புல்லரித்துவிட்டது.

குந்தவை விஷயமும் இதே மாதிரிதானே? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று ஒரு வரி. வந்தியத்தேவரைப் பற்றி வேறு பெரிதாகத் தகவல் இல்லை. அதை வைத்துத்தான் கல்கி 1950-லிருந்து 54 வரை அத்தனை வாரம் ஓட்டினார். அதிலும் பாருங்கள், குந்தவை சோழ நாட்டை விட்டுப் போக மாட்டாள், அரசியல் அவள் கையில் இருக்கிறது, பெரிய அரசனைக் கட்டிக்கொண்டால் வேறு நாட்டுக்குப் போயாக வேண்டும். நாடில்லாத வாணர்குலத்து வாலிபன்தான் அவளுக்குத் தோது. காதல் வந்தது அவன் அழகாகப் பேசுகிறான் என்பதால், சரி. ஆனால் அந்தக் காதல் நடக்க முடிந்தது அவர்கள் இருவரும் இருந்த நிலையால். நகல் எடுப்பவர்கள் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த நாவலைத் திறந்தாலும் குதிரையில் வருகிற, வாய் ஓயாத, அடிக்கடி மாட்டிக்கொள்கிற இளைஞன்.

சும்மா_படிப்பவன் எழுதியது:

நாயகி வாள் சண்டையில் அவனைத் தோற்கடிப்பாள். அதை விட்டுட்டீங்க.

மிளகு_ரசம் எழுதியது:

ஆமாம்! முதல் அத்தியாயத்தில் தோற்கடிப்பாள், மூன்றாம் அத்தியாயத்திலிருந்து அவன் வந்து காப்பாற்றுவான். அப்புறம் வாள் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

கோடியக்கரை_மாலுமி எழுதியது:

அடகு வைத்திருப்பாள்.

கல்வெட்டுக்_கிறுக்கன் எழுதியது:

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பெண்ணுக்கு அதிகாரம் காட்ட வாள்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடும் மகளிர், நானூறு பேருடைய பெயர், எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தார்கள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். பல ஊர்களிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து தஞ்சையில் குடியேற்றப்பட்டவர்கள். பழைய ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள்? அது போக, கோயில்களில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. சொத்து இருந்தது, கொடுக்கும் உரிமையும் இருந்தது.

தூரிகை_மைதிலி எழுதியது:

கிறுக்கன் சார், ஒரு சந்தேகம். விளக்குக்கு ஆடு என்று நிறைய இடத்தில் படித்திருக்கிறேன். நடைமுறையில் அது எப்படி? ஆடு எங்கே இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள்? அடுத்த தொடருக்குக் கேட்கிறேன். இந்தத் தடவை முழுக்க எழுதி முடித்துவிட்டுத்தான் பதிவு போடப்போகிறேன்.

பழைய_பைண்டிங் எழுதியது:

முழுக்க எழுதி வைத்துக்கொண்டாலும் வாரம் ஒன்றுதான் போட வேண்டும் அம்மா. காத்திருக்க வைக்கத் தெரியாதவருக்குத் தொடர்கதை எதற்கு? கடைசி வரியில் கதவு தட்டுவதையும் மறந்துவிடாதீர்கள்.

கல்வெட்டுக்_கிறுக்கன் எழுதியது:

மைதிலி, ஒரு நந்தா விளக்குக்குப் பொதுவாகத் தொண்ணூற்றாறு ஆடு. அரை விளக்கு என்றால் நாற்பத்தெட்டு. 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவார்கள். கிழடாகிச் செத்தாலும் குட்டி போட்டுக் கணக்கு குறையாமல் இருக்க வேண்டும். ஆடுகள் இடையர் பொறுப்பில் போகும், கல்வெட்டில் மன்றாடி என்று வரும். ஆடுகளை வாங்கிக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும், சந்திராதித்தவர், அதாவது சந்திர சூரியர் உள்ளவரை, அவருக்குப் பின் அவர் வம்சத்தாரும். அவர் தவறினால் யார் பொறுப்பு என்று பிணை நிற்பவர்களின் பெயரையும் தஞ்சைக் கல்வெட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள். ஆக, கொடுத்தவள் ஒருத்தி, தினமும் நெய் கொண்டுவருகிறவன் ஒருவன், அவன் தவறினால் மாட்டிக்கொள்ளப்போகிற அண்ணனோ மச்சானோ ஒருவன்.

தூரிகை_மைதிலி எழுதியது:

அந்த மச்சானுக்கு இந்த விஷயம் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நன்றி சார். ஆடு திருட்டுக்குத் தண்டனை என்ன என்று நாளைக்குக் கேட்கிறேன்.